குரலுக்கு ஒரு சீருடை

குடிகளிடம் முறைகெட்டுப் பொருள் கேட்கும் அரசனை வழிப்பறிக்காரனோடு சேர்த்துவைத்துப் பேசினார் வள்ளுவர். கொடுங்கோன்மை அதிகாரத்திலே வரும் அந்த உவமையைப் படியாத மாணவர் நம்மிடையே இரார். இக்காலத்திலே உவமை தலைகீழாகிவிட்டது. வழிப்பறிக்காரனே தன்னை அரசாங்கத்தின் வரியதிகாரி என்று சொல்லிக்கொண்டு வருகிறான். வருகிறான் என்று சொல்வதுங்கூடப் பொருந்தாது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு நாற்காலியிலே இருந்தபடி, நம் வீட்டுக் கூடத்துத் தொலைபேசியிலே பேசுகிறான். அவன் கையிலே ஆயுதம் எதுவும் இல்லை. குரல் ஒன்றுதான் உண்டு.

அந்தக் குரலை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். 2018ஆம் ஆண்டின் பனிக்காலத்தை ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியிலே மகள் வீட்டிலே கழித்தேன். மகளும் மருமகனும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் அந்த வீட்டிலே நானும், யன்னலுக்கு வெளியே கொட்டும் பனியுமே எஞ்சியிருப்போம். அத்தகைய ஒரு முற்பகலிலே தொலைபேசி ஒலித்தது. எடுத்தேன். பெண்ணொருத்தியின் குரல், ஒலிப்பதிவு செய்யப்பட்ட குரல், ஆங்கிலத்திலே பேசிற்று. கனடாவின் வருமானவரித் திணைக்களத்திலிருந்து பேசுவதாகவும், வரிமோசடி செய்த குற்றத்துக்காக என்மீது வழக்குத் தொடரப்பட்டிருப்பதாகவும், இதுவே இறுதி அறிவித்தல் என்றும், இலக்கம் ஒன்றை அழுத்தி அதிகாரியோடு உடனே பேசத் தவறினால் பொலிசார் பிடியாணையோடு வீட்டுக்கு வருவார்கள் என்றும் அது கூறிற்று.

கனடாவிலே ஒரு சதந்தானும் உழைத்தறியாதவன் நான். ஆகையால் இலக்கம் ஒன்றை அழுத்திப் பார்ப்பதிலே எனக்கு இடரொன்றும் இருக்கவில்லை. மறுமுனையிலே ஓர் இளைஞன் பேசினான். பெயர் வெள்ளைக்காரப் பெயர். குரலோ நம் பக்கத்துக் குரல். தன் பெயரையும் அதிகாரிக்குரிய இலக்கத்தையும் ஒரே மூச்சிலே ஒப்புவித்தான். எந்த ஆண்டுகளுக்கான வரி என்று கேட்டேன். 2014 முதல் 2017 வரை என்றான். அந்த நான்கு ஆண்டும் நான் பருத்தித்துறையை விட்டு அசையவில்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேட்டேன். அதற்கு அவனுடைய தாளிலே விடை எழுதப்பட்டிருக்கவில்லை போலும், குரலை உயர்த்தினான். திணைக்களம் ஒரு காகிதமேனும் அனுப்பவில்லையே என்றேன். மூன்று காகிதங்கள் அனுப்பித் திரும்பி வந்துவிட்டன என்றான். பின்னர்த்தான் முக்கியமான சொல்லுக்கு வந்தான். "தொலைபேசியை வைக்கக்கூடாது. வீட்டிலே இருக்கும் எவரோடும் இதுபற்றிப் பேசக்கூடாது. இது இரகசிய விசாரணை."

வீட்டிலே வேறு எவரும் இல்லை என்றேன். அப்போது அவன் குரலிலே உண்டான ஆறுதல் இன்றும் என் காதிலே இருக்கிறது. அதுவரை அதட்டியவன் தேனாகிவிட்டான். எனக்கு உதவிசெய்ய விரும்புவதாகச் சொன்னான். எனக்கு எத்தனை வயது, வங்கி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரித்தான். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், இலங்கையிலிருந்து விருந்தாளியாக வந்திருப்பவன், என் பெயரிலே இந்நாட்டில் வங்கிக் கணக்கும் இல்லை, வருமானமும் இல்லை என்று விளக்கியதும் இந்தியிலே ஏதோ ஒரு சொல்லை உதிர்த்துவிட்டுத் தொடர்பைத் துண்டித்தான். அது வாழ்த்துச் சொல் அல்ல என்பது தொனியிலேயே தெரிந்தது.

அதிகாரிபோல் வேடமிட்டு ஊரை ஏய்ப்பது இன்று நேற்று உண்டான கலையன்று. 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறைகளிலே கழித்த வில்ஹெம் வொய்ட் என்னும் சப்பாத்துத் தொழிலாளி ஜேர்மனியிலே ஒரு காரியம் செய்தான். பழைய உடுப்புக் கடைகளிலே துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்த இராணுவக் கப்பித்தான் உடையைப் போட்டுக்கொண்டு வீதிக்கு வந்தான். எதிர்ப்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டளையிட்டான், அவர்கள் பின்தொடர்ந்தார்கள். அக்காலத்திலே பேர்ளின் நகருக்கு அருகேயிருந்த கோப்பெனிக் நகரமண்டபத்துக்கு அவர்களை அழைத்துச் சென்று நகரபிதாவைக் கைதுசெய்தான். கருவூலத்திலிருந்த ஏறக்குறைய 4,000 மார்க்கை எடுத்துக்கொண்டு, அதற்குப் பற்றுச்சீட்டும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நாலாண்டுச் சிறைத்தண்டனை பெற்றவனை 1908இலே கைசர் மன்னரே மன்னித்து விடுவித்தார். இதனைக் கார்ல் சுக்மாயர் 1931இலே நாடகமாக்கினார். சீருடையைக் கண்டால் கால் தானாகவே சேர்ந்து நிற்கும் ஒரு சமுதாயத்தை அந்தச் சப்பாத்துத் தொழிலாளி நன்றாகப் படித்து வைத்திருந்தான்.

கோகோலின் "அரசாங்க இன்ஸ்பெக்டர்" நாடகம் அதற்கும் முந்தியது; 1836இலே மேடையேறியது. ஆனால் அதிலே ஒரு வேறுபாடு உண்டு. ஊதாரி ஒருவனை மேலிடத்து அதிகாரி என்று நம்பி நடுங்கும் அந்த ஊரதிகாரிகள் அத்தனைபேரும் இலஞ்சம் வாங்கியவர்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. அதைக் கண்டு நாம் சிரிக்கலாம். தொலைபேசிக்கு அஞ்சுபவர்களிலே பெரும்பாலோர் வரியை ஒழுங்காகக் கட்டியவர்கள். குற்றம் இல்லாதவன் ஏன் அஞ்சுகிறான் என்பதே இங்கு கேள்வி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலிலே இந்தத் தொழில் நடக்கும் விதத்தைச் சொல்லவேண்டும். இலட்சக்கணக்கான இலக்கங்களுக்கு இயந்திரமே அழைப்பு விடுக்கிறது. இணையத்தின் வழியாகப் பேசுவதால் செலவு மிகச் சிறிது. பதிவுசெய்யப்பட்ட மிரட்டலைக் கேட்டுச் சிரித்துவிட்டு வைப்பவர்களைப்பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. இலக்கம் ஒன்றை அழுத்துபவன் அல்லது திரும்ப அழைப்பவன் தானே தன்னைத் தெரிந்தெடுத்துக் கொடுக்கிறான். அஞ்சியவர்கள் மட்டும் வலைக்குள் வந்து சேர்கிறார்கள். தொலைபேசியின் முகத்திலே தோன்றும் இலக்கமும் பொய். ஒட்டாவா நகரத்துக் கந்தோரின் இலக்கத்தையோ உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தின் இலக்கத்தையோ அங்கே தோன்றச் செய்துவிடலாம். வொய்ட் உடுப்புக் கடைகளிலே தேடி வாங்கிய சீருடைக்கு இன்றைய ஈடு அதுதான்.

இதற்கு மருந்தாக, அழைப்பு எந்த இலக்கத்திலிருந்து உண்மையாகவே புறப்பட்டது என்பதற்குத் தொலைபேசிக் கம்பனியே மின்முறையிலே கையொப்பமிடும் ஏற்பாடு ஒன்றை அமெரிக்கா 2021 ஜூன் 30 முதலும் கனடா அதே ஆண்டு நவம்பர் 30 முதலும் கொண்டுவந்தன. பயன் இல்லாமற் போகவில்லை. ஆயினும் பிறநாடுகளிலிருந்து பழைய கம்பிகளின் வழியே நுழையும் அழைப்புக்கு யார் கையொப்பமிடுவது?

அடுத்தது பணம் வாங்கும் முறை. வங்கிக்கு அனுப்பினால் தடயம் எஞ்சும். ஆகவே கடையிலே விற்கும் பரிசு அட்டைகளை வாங்கச் சொல்வார்கள். அப்பிள் கம்பனியின் ஐரியூன்ஸ் அட்டைகள் அவர்களுக்கு மிகவும் உகந்தவையாக இருந்தன. பின்புறத்து வெள்ளிப்பூச்சைச் சுரண்டி அங்குள்ள இலக்கத்தைத் தொலைபேசியிலே படித்துக்காட்டினால் போதும். அட்டை நம் கையிலேயே இருக்கும். அதன் பெறுமதி சில நிமிடங்களிலே கடல் கடந்துவிடும். பின்னாளிலே பிட்கொயின் இயந்திரங்களும் இந்தப் பணிக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்காவிலே கூலிக்கு ஆள் அமர்த்தி இத்தகைய அட்டைகளைக் காசுக்கட்டளைகளாக மாற்றுவித்தார்கள் என்றும், நம்மவர் உண்டியல் என்று சொல்லும் வழியாலும் பணம் கைமாறிற்று என்றும் அந்நாட்டு நீதித் திணைக்களத்தின் வழக்கேடுகளிலே காணலாம்.

2016 ஒக்டோபர் மாதத் தொடக்கத்திலே மும்பாய்க்கு வடக்கேயுள்ள மீரா ரோட் பகுதியிலே தானே நகரப் பொலிசார் இரவோடிரவாகச் சில கட்டிடங்களைச் சுற்றிவளைத்தார்கள். அங்கே மாடி மாடியாக இளைஞர்களும் யுவதிகளும் அமர்ந்து, தாங்கள் அமெரிக்க வருமானவரி அதிகாரிகள் என்று சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள். 700க்கும் அதிகமானோர் பிடித்து விசாரிக்கப்பட்டனர். ஏறக்குறைய 70 பேர் உடனே கைதாயினர். அதே மாதம் 27ஆம் நாள் அமெரிக்க நீதித் திணைக்களம் அகமதாபாத் நகரத்து அழைப்பு நிலையங்கள் ஐந்தின்மீதும் 56 பேர்மீதும் குற்றப்பத்திரத்தை வெளியிட்டது. 2018 ஜூலையிலே டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகர நீதிமன்றம், அமெரிக்காவிலிருந்து அக்கூட்டத்துக்குத் துணைபோனவர்களிலே 21 பேருக்கு 20 ஆண்டு வரையான சிறைத்தண்டனைகளை விதித்தது. 2013 ஒக்டோபர் முதல் அவ்வேளைவரை அமெரிக்காவிலே மட்டும் 12,000க்கும் அதிகமானோர் 6 கோடி டொலருக்கு மேல் இழந்ததாக அந்நாட்டு வரித்துறைக் கண்காணிப்பாளர் கணக்குச் சொன்னார். கனடாவின் கணக்கு, 2014க்கும் 2019க்கும் இடையிலே, 1 கோடி 68 இலட்சம் டொலர். இவை முறைப்பாடு செய்தவர்களின் கணக்கு என்பதை வாசகர் மனத்திலே வைத்துக்கொள்ளவேண்டும்.

மீரா ரோட்டிலே நாற்காலியிலிருந்து பேசியவர்கள் யார்? ஆங்கிலம் பேசத் தெரிந்த, வேலை தேடி அலைந்த பிள்ளைகள். நம்மிடம் படித்துப் பட்டம் பெற்றுக் கந்தோர் கந்தோராக விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளிலிருந்து அவர்கள் அதிகம் வேறுபட்டவர்கள் அல்லர். கையிலே ஒரு தாளைக் கொடுத்து, அதை உருப்போட்டு ஒப்புவிக்கச் சொன்னார்கள். அவர்களிலே இருவர், செய்யும் தொழில் இன்னதென்று உணர்ந்து மனம் பொறாது, ஒருவர் வாஷிங்டனிலுள்ள அரசாங்க ஆணைக்குழுவுக்கே தொலைபேசியெடுத்துச் செய்தியைச் சொன்னதாக 2017 ஜனவரியிலே "நியூயோர்க் டைம்ஸ்" எழுதிற்று. அமெரிக்கரை ஏய்க்கக் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தைக்கொண்டே அமெரிக்கருக்கு எச்சரிக்கை சொன்ன அந்த இளைஞனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மற்றையோரின் வறுமையை எண்ணி இரங்கலாம்; ஆனால் அழுதுகொண்டு பேசும் ஒரு கிழவியிடம், இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்கத் துணிந்த நாவை வறுமை ஒன்றே உண்டாக்கிவிடாது.

இந்த வித்தை வெள்ளைக்காரரோடு நின்றுவிடவுமில்லை. 2024இலே இந்தியாவிலேயே "டிஜிட்டல் கைது" என்னும் பெயரிலே அது தலைவிரித்தாடிற்று. 82 வயதான பஞ்சாப் நூலாலை அதிபர் ஒருவர், நாட்டின் பெருந்தொழிலதிபர்களுள் ஒருவர், கணினித் திரையிலே நடந்த பொய் உச்சநீதிமன்றத்தையும் அதிலே பிரதம நீதியரசராக நடித்த ஒருவனையும் நம்பி 7 கோடி ரூபாவை இழந்தார். சட்டத்திலே அப்படியொரு கைதே இல்லை என்று அந்நாட்டுப் பிரதமர் அவ்வாண்டு ஒக்டோபரிலே வானொலியிலே மக்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. படிப்பும் பணமும் இவ்விடத்திலே காவலாக நிற்பதில்லை.

இவர்களை எதிர்த்து நிற்பவர்களும் பலவகையினர். அவர்களிலே எனக்கு வேடிக்கையாகத் தோன்றுபவர் லெனி என்னும் அவுஸ்திரேலியக் கிழவர். லெனி மனிதரல்லர், 16 ஒலிப்பதிவுகளின் தொகுப்பு. எதிரே பேசுபவன் ஓய்ந்ததும் அடுத்த பதிவு ஓடும். "கொஞ்சம் உரத்துப் பேசும், காது கேட்கவில்லை" என்பார். மகள் லரிசாவைப்பற்றிச் சொல்லத் தொடங்குவார். நடுவிலே வாத்துகள் கத்தும். வாத்துகளைப் பார்த்துவிட்டு வந்து முதலிலிருந்து கேட்பார். தொலைபேசி வியாபாரிகளும் ஏமாற்றுக்காரரும் இவரோடு அரைமணிநேரம் மல்லுக்கட்டிய பதிவுகளைக் கேட்டால் வயிறு புண்ணாகும். 2024 நவம்பரிலே ஓ-ரூ என்னும் பிரித்தானியத் தொலைபேசிக் கம்பனி, செயற்கை அறிவினாலே பேசும் டெய்சி என்ற பாட்டியை இதே பணிக்கு இறக்கிற்று. அந்தப் பாட்டி பின்னல் வேலையைப்பற்றியும் பூனையைப்பற்றியும் ஓயாமல் பேசுவாளாம். ஏமாற்றுக்காரனின் நேரத்தை வீணாக்குவதே நோக்கம்.

மனிதர்களும் இதனை ஒரு விளையாட்டாகச் செய்கிறார்கள். ஏமாற்றுக்காரனின் கணினிக்குள்ளேயே புகுந்து, அவனுடைய அறையிலுள்ள காவற் கமெராவையே திருப்பிப் பார்க்கும் வல்லவர்கள் உளர். ஜிம் பிரவுணிங் என்னும் புனைபெயருடைய வட அயர்லாந்துக்காரர் அவ்வாறு பதிவுசெய்தவை 2020இலே பிபிசியின் "பனோரமா" நிகழ்ச்சியிலே வெளியாயின. அவரையே 2021 ஜூலையிலே ஒருவன் யூரியூப் கம்பனியின் உதவியாளன் என்று நடித்து ஏமாற்றி, அவருடைய அலைவரிசையை அவர் கையாலேயே அழிக்கச் செய்துவிட்டான். நடந்ததை அவர் ஒளிக்காமல் ஊரறியச் சொன்னார். அந்த ஒரு செயலுக்காகவே அவரை மதிக்கிறேன். மற்றையோரிலே பலர் அழைப்பவனின் உச்சரிப்பையும் நாட்டையும் பழித்துச் சிரிப்பதையே கலையாக்கிக்கொண்டுவிட்டார்கள். அது எனக்கு உவப்பாக இல்லை. முதியவர்கள் லெனியைப்போல நடிக்க முயல்வதும் வேண்டாம். பேசிக்கொண்டிருப்பவரின் இலக்கம், எடுத்தால் பேசும் இலக்கம் என்று குறிக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் அழைப்பு வரும். இயந்திரத்தின் வேலையை இயந்திரம் செய்யட்டும். நாம் வைத்துவிடலாம்.

வைத்துவிடலாம் என்று எழுதுவது எளிது. அது எவ்வளவு அரிது என்பதை அதே பனிக்காலத்திலே ஸ்காபரோவிலுள்ள தமிழ் முதியோர் மன்றம் ஒன்றிலே கண்டேன். வியாழன்தோறும் கூடுவார்கள். தேநீர், வடை, ஒரு பேச்சு, சில வேளைகளிலே தேவாரம். அன்றைய பேச்சுக்கு இளம் தமிழ்ச் சட்டத்தரணி ஒருவர் வந்திருந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, தெளிவாகப் பேசினார். வரித்திணைக்களம் தொலைபேசி எடுப்பதே இல்லை என்று நினைக்கவேண்டாம், எடுப்பதும் உண்டு. ஆனால் கைதுசெய்வோம், நாடுகடத்துவோம் என்று தொலைபேசியிலே மிரட்டுவதில்லை, பரிசு அட்டையால் வரி கட்டு என்று கேட்பதுமில்லை என்றார். பெயரைக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டு, திணைக்களத்தின் காகிதத்திலே அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு நாமே எடுத்து விசாரிக்கலாம் என்றார். உண்மையான வரிமதிப்பீடு எழுத்திலே வரும். அதை ஏற்காவிட்டால் ஆட்சேபிக்க ஆகக் குறைந்தது 90 நாள் உண்டு என்றும் விளக்கினார். அரசாங்கம் என்பது மெதுவாக நகரும் பிராணி. நம்மூர்க் கச்சேரிகளிலே ஓய்வூதியத்துக்கு நடந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 90 நாள் தரும் அரசாங்கம் எங்கே, 45 நிமிடத்திலே பணம் வேண்டும் என்னும் குரல் எங்கே!

பேச்சின் முடிவிலே அவர் சற்று நகைச்சுவையாக, "ஐரியூன்ஸ் அட்டையிலே அரசாங்கத்துக்கு வரி கட்டலாம் என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். வடமராட்சியிலே 30 ஆண்டுக்கு மேல் படிப்பித்தவர். எழுபது வயதைக் கடந்தவர். சேலைக்கு மேலே தடித்த கம்பளிச் சட்டை போட்டிருந்தார். "நான் நம்பினனான், தம்பி" என்றார்.

மண்டபத்திலே வடைத்தட்டின் ஓசையும் நின்றுவிட்டது. அவர் ஒரு பாடத்தை விளக்குவதுபோல அடுக்காகச் சொன்னார். மூன்று மணிநேரம் தொலைபேசியை வைக்க விடவில்லை. இணைப்பைத் துண்டிக்காமலே கைத்தொலைபேசியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பனியிலே இரண்டு தெரு நடந்து, மருந்துக்கடையிலே அட்டைகளை வாங்கினார். இவ்வளவு அட்டை எதற்கு என்று காசாளப் பிள்ளை கேட்டாள். கேட்டால் பேரப்பிள்ளைகளுக்கு நத்தார்ப் பரிசு என்று சொல்லவேண்டும் என்று குரல் முன்பே சொல்லிவைத்திருந்தது, அப்படியே சொன்னார். பிறகு வேறொரு கடை. 25 சத நாணயத்தாலே வெள்ளிப்பூச்சைச் சுரண்டி ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தபோது அந்தக் குரல் "கவனமாகப் படியுங்கள்" என்று கண்டித்ததாம். போனது 3,200 டொலர். ஏழு மாதமாக மகனுக்கும் சொல்லவில்லை. மருமகளுக்குத் தெரிந்தால் வங்கி அட்டையைத் தன்னிடமிருந்து வாங்கிவிடுவார்களோ என்ற அச்சம். முறைப்பாடும் செய்யவில்லை.

கூட்டம் கலைந்தபின் தேநீர்க் கோப்பையோடு அவர் அருகே போய் இருந்தேன். ஓர் ஆசிரியருக்கு மற்றோர் ஆசிரியர் பேசும் உரிமையோடு, "ரீச்சர், வரிக்கு அவ்வளவு பயமோ?" என்று கேட்டேன்.

"வரிக்கு நான் பயப்படேல்லை, மாஸ்டர். வரி நான் ஒழுங்காய்க் கட்டிறனான். அரைமணித்தியாலம் அவனோடை வாதாடினனான். பிறகு அவன் 'இமிக்கிறேஷன்' எண்ட சொல்லை எடுத்தான். அதோடை எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை."

அவர் கனடாவின் குடியுரிமை பெற்றுப் பதினைந்து ஆண்டாயிற்று. எவராலும் அவரை எங்கும் அனுப்பமுடியாது. அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். விளங்காத மாணவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"உங்களுக்குத் தெரியாததே? சென்றியிலை அடையாள அட்டையைக் காட்டு எண்டா, ஏன் எண்டு கேட்டனாங்களே? நீட்டினதுதானே. கேள்வி கேட்ட பிள்ளையளுக்கு நடந்ததும் தெரியும். இருவது வருசம் அப்படிப் பழகின உடம்பு, மாஸ்டர். புத்தி 'இது பொய்' எண்டு சொல்லுது. கை தன்ரை பாட்டிலை பேர்சை எடுக்குது."

கோகோலின் ஊரதிகாரிகளுக்கு இல்லாத அச்சம் இது. அவர்கள் தங்கள் குற்றத்துக்கு அஞ்சினார்கள். இவர்களோ குற்றமின்மை ஒருநாளும் காவலாக நிற்காத இடங்களிலிருந்து வந்தவர்கள். 1986இலே நியூபவுண்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலே மிதந்து மீட்கப்பட்ட 155 தமிழரையும், 2010இலே "சன் சீ" கப்பலிலே வந்து இறங்கியதும் தடுத்துவைக்கப்பட்ட 492 பேரையும் நம்மவர் மறந்திரார். ஓர் அதிகாரியின் சொல்லிலே வாழ்வும் மீளனுப்புதலும் தொங்கிநின்ற நாட்களை அனுபவித்தவர்களும், அவர்களின் உற்றாரும் ஸ்காபரோவின் அடுக்குமாடிகளிலே நிறையப் பேர். புதிதாகக் குடிவந்தவரை நாடுகடத்துவோம் என்று மிரட்டுவது அந்தத் தாளிலே எழுதப்பட்ட வரிகளிலே ஒன்று. எழுதியவனுக்கு வடமராட்சியைத் தெரிந்திராது. ஆனால் உலகத்திலே அதிகாரத்துக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமையும் போனேன். சட்டத்தரணி வரவில்லை, பேச்சும் இல்லை. ஆனால் ரீச்சரின் மேசையைச் சுற்றி ஐந்தாறுபேர் கூடியிருந்தார்கள். ஒருவர் தமக்கு வந்த குரல் பெண்குரல் என்றார். இன்னொருவர், வங்கி வாசல்வரை போய் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டு கதைத்ததாலே தப்பினேன் என்றார். ரீச்சர் ஒரு கொப்பியிலே நாளையும் குரல் சொன்ன வார்த்தைகளையும் குறித்துக்கொண்டிருந்தார். மகனைக்கொண்டு நோர்த் பே நகரிலுள்ள மோசடித் தடுப்பு நிலையத்துக்கு எல்லாவற்றையும் ஒன்றாக அறிவிக்கப்போவதாகச் சொன்னார். மகனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னாராம். அவன் ஏசவில்லையாம், பேசாமல் எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தானாம்.

மேசையின் ஓரத்திலே, நம்மூர்ப் புகையிரத நிலையங்களிலே அதிபராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நெடுநேரம் வாய்திறவாது இருந்தார். கொப்பியின் பக்கம் புரண்டபோது தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ரையையும் எழுதுங்கோ, ரீச்சர். ஆயிரத்து இருநூறு. போன வருசம், வைகாசி" என்றார். அவருடைய மனைவி பக்கத்திலேதான் இருந்தார். அவரும் அதை அன்றுதான் கேட்டார்.